கிராண்டில் இன்னும் அப்பா பெயர்

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் வழியாக மஸ்ஜித் தானா போகிறவர்கள் சுங்கை ஊடாங்கைக் கடக்கும்போது மூன்றைக் கவனிக்காமல் போகமாட்டார்கள்: தெரெண்டாக் இராணுவ முகாம், வெட்டப்படாமல் எஞ்சி நிற்கும் காடு, கடல் பக்கத்தில் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. உள் சாலைகளில் திரும்பித் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குள் போனால் நான்காவதும் தென்படும். வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு கேட், சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். தபால் பெட்டியில் மதிப்பீட்டு வரி பில் வெயிலில் வெளிறிக் கிடக்கும். கார் நிறுத்துமிடத்தில் லாலான் புல் இடுப்பளவு நிற்கும். வாசல் நிலைப்படிக்கு மேலே காய்ந்த மாவிலைத் தோரணத்தின் நூல் இருந்தால் அது யாருடைய வீடு என்று கேட்க வேண்டியதில்லை.

ஏன் வாடகைக்கு விடவில்லை, ஏன் விற்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் பதில்கள் தயாராக இருக்கும். விலை படியவில்லை, நல்ல வாடகைக்காரர் கிடைக்கவில்லை, பெரியவர் ஜொகூரில், சின்னவர் சிங்கப்பூரில், தீபாவளிக்கு வந்தால் தங்க ஓர் இடம் வேண்டாமா. இவை பொய்யல்ல, ஆனால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட காரணங்கள். முதல் காரணம் நில அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த வீட்டின் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே நிற்கிறது. செத்தவர் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. அவருக்குப் பதிலாகப் போடும் உரிமை சட்டப்படி இன்னும் யாருக்கும் வரவில்லை. காலி வீட்டைப் பராமரிப்பது, வாடகைக்கு விடுவது, விற்பது பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தாண்டிய பிறகே பயன்படும்.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்திலிருந்து வந்த ஒரு சமூகத்துக்கு வீட்டைக் கைமாற்றும் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் நடப்பட்டது மலாக்காவில்தான். 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி வைத்தார். புக்கிட் ஆசாகான் அடுத்து வந்தது. அதன் பிறகு ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் பால் மரம் பரவியது. அதை வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்டது லயன் வீடு. அது கூலியின் ஒரு பகுதி; வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டைக் குடும்பத்தில் தக்கவைக்க ஒரே வழி, அப்பா ஓய்வு பெறும் முன் மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது. அதாவது செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் ஏற வேண்டும். அதை எழுதுகிறவர் தோட்டத்து எழுத்தரான கிராணி. உயில், வாரிசுரிமை, பத்திரப் பதிவு எதற்கும் அங்கே இடமே இல்லை. மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்தவர்களுக்கு, வீடு என்பது மேலே இருக்கும் யாரோ கொடுப்பது, பிறகு அவரே எடுத்துக்கொள்வது.

1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. அதற்கு எதிர்வினையாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவது திட்டம். பெரிய காரியம்தான். ஆனால் அதுவும் கூட்டுச் சொத்து. ஒரு தொழிலாளிக்குத் தனக்கென்று ஒரு மனை, அதற்கு ஒரு கிராண்ட் என்பது இன்னும் இருபது ஆண்டு தள்ளியே வந்தது.

1982இல் அரசாங்கம் குறைந்த விலை வீட்டுக்கு 25,000 ரிங்கிட் என்று உச்சவிலை வைத்தது. மாத வருமானம் 750 ரிங்கிட்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு என்று விதி. 1998இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை போகலாம் என்று மாற்றினார்கள். தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய அதே ஆண்டுகள் அவை. ஊழியர் சேமநிதியிலிருந்து கொஞ்சம், சீட்டுப் பணம் கொஞ்சம், அம்மாவின் சங்கிலி, மீதிக்கு வங்கிக் கடன் என்று பலர் இந்த வீடுகளை வாங்கினார்கள். இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்புறம் ஒரு சமையல்கட்டு. குடும்ப வரலாற்றில் முதன்முதலாகச் சொந்தமான மண். வாங்குவதற்கு வேண்டிய அத்தனை சாமர்த்தியமும் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. விட்டுச்செல்வதற்கு வேண்டியதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சொல்லப்பட்டதும் அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தது. சேமநிதியில் வாரிசு நியமனம் உண்டு. அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்தால் இறந்த பிறகு பணம் அவர் கைக்குப் போகும். அது சேமநிதிப் பணத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கும் அப்படியே என்று நம்பியவர்கள் ஏராளம். ‘நாமினி போட்டாச்சு’ என்ற ஒரு சொல்லில் அம்மாவும் பிள்ளைகளும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். மூத்த மகனுக்கே வீடு என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வலுவாக இருக்கிறது. சட்டத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு. தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு 1989 திருத்தத்தில்தான் வந்தது. இங்கே தோட்டத்து மகளுக்கு அந்த உரிமை அதற்கு முன்பே இருந்தது, அவளுக்குத் தெரியாது என்பதைத் தவிர. கணவன் மனைவிக்கிடையே மட்டும் பழைய சட்டம் பாரபட்சம் காட்டியது. மனைவி இறந்தால் எல்லாம் கணவனுக்கு, கணவன் இறந்தால் மனைவிக்கு ஒரு பகுதி மட்டும் என்றிருந்ததை 1997 திருத்தம் சரி செய்தது. இப்போது, பெற்றோர் உயிரோடு இல்லாத ஒருவர் இறந்தால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. காலம் கடந்தால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடும்பம் கற்பனை, விகிதங்கள் சட்டத்தினுடையவை. அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். அம்மாவும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. அன்றே நில அலுவலகம் போயிருந்தால் ஐந்து பேர் கையெழுத்தோடு முடிந்திருக்கும். போகவில்லை. சில ஆண்டு கழித்து ஒரு மகன் சாலை விபத்தில் போகிறான். மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவனுடைய ஆறில் ஒன்று இப்போது அவனுடைய சொத்தாகப் பிரிகிறது: மனைவிக்கு 24இல் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 24இல் ஒன்று, அவனைப் பெற்ற அம்மாவுக்கு 24இல் ஒன்று. பிறகு அம்மாவும் போகிறார். அவரிடம் சேர்ந்திருந்த எட்டில் மூன்று பங்கு நான்கு கிளைகளுக்குப் பிரிகிறது. இறந்த மகனின் கிளையை அவன் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். முடிவில் உயிரோடிருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 96இல் 25, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 192இல் 17, மருமகளுக்கு 24இல் ஒன்று. வீடு 180,000 ரிங்கிட்டுக்கு விலை போனால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 46,875, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 15,937.50, மருமகளுக்கு 7,500.

மருமகள் இதற்குள் மறுமணம் செய்துகொண்டு ஈப்போவுக்குப் போயிருக்கலாம். 7,500 வெள்ளிக்காக அவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து மலாக்கா வருவாரா? வராவிட்டாலும் அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும். பேரப்பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழ் என்றால் அவர்கள் பங்கை யார் பொறுப்பில் வைப்பது என்ற கேள்வி தனி. மூன்று சாவு, ஒரே வீடு, ஆறு பங்காளிகள், மூன்று பேருடைய மரணச் சான்றிதழ்கள், மூன்று நிர்வாகங்கள். தள்ளிப்போடுவதற்கு வட்டி உண்டு என்றால் அது இதுதான்.

பங்காளிகள் பெருகிப் பெருகி வீடு பூட்டிக்கொள்வதைத் தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமானால் செட்டிநாட்டுக்குப் போக வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய பணத்தில் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் எழுந்த வீடுகள் பல, புள்ளி எனப்படும் டஜன் கணக்கான தனிக் குடும்பங்களுக்குச் சொந்தமாகி, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கின்றன. ஒற்றுமை கூடாத வீடுகள் இடிபட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தனித்தனியாக விலை போகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. செட்டிநாட்டில் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு பங்கு, எத்தனை அறை என்பது எல்லாருக்கும் தெரியும், சிக்கல் சம்மதத்தில். மலாக்காத் தாமானில் யாருக்கு எவ்வளவு என்பதே பல குடும்பங்களில் பேசப்பட்டதில்லை. இரண்டு அறை வீட்டுக்கு அரண்மனைச் சிக்கல் வந்திருக்கிறது, அரண்மனைக்காரர்களின் கணக்குப்பிள்ளை இல்லாமல்.

பெயர் மாறாமல் பூட்டிக்கிடக்கும் வீடுகளை ஜப்பான் நாட்டுப் பிரச்சினையாகவே பார்க்கிறது. 2023 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாதவை, மொத்தத்தில் 13.8 சதவீதம். வாரிசுகள் பெயர் மாற்றாமல் விட்டதால் உரிமையாளர் யாரென்று தெரியாத நிலத்தின் பரப்பு கியூஷூ தீவைவிடப் பெரியது என்று மதிப்பிட்டார்கள். 2024 ஏப்ரல் முதல் அங்கே சட்டம்: நிலம் தன் பங்குக்கு வந்தது தெரிந்த மூன்றாண்டுக்குள் பதிவு செய்யாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். மலேசியாவில் அப்படி ஓர் அபராதம் கிடையாது. இருந்திருந்தால் சுங்கை ஊடாங்கின் சில கேட்டுகள் திறந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

வழி என்னவோ கடினமானதல்ல. உயில் இல்லாத, நிலமோ வீடோ அடங்கிய சிறு சொத்துக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டாம். 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில நிர்வாகத்தின் புசாக்கா (வாரிசுச் சொத்து) பிரிவே விசாரித்து ஆணை தரும். முன்பு 2 மில்லியன் ரிங்கிட் என்றிருந்த வரம்பு 5 மில்லியனாக உயர்ந்துவிட்டது. குறைந்த விலை வீடுகளுக்கு இரண்டுமே தேவைக்கு மேல். ஏ பாரம், மரணச் சான்றிதழ், கிராண்டின் அதிகாரப்பூர்வத் தேடல் நகல், வாரிசுகளின் ஐசி (அடையாள அட்டை), உறவைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள். எல்லா வாரிசுகளும் ஒரு நாள் விசாரணைக்கு வர வேண்டும். வர முடியாதவர் சம்மதப் பாரத்தில் முறைப்படி சாட்சி வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பலாம். ஒருவர் தன் பங்கை அம்மாவுக்கோ தங்கைக்கோ விட்டுக்கொடுப்பதானாலும் அங்கேயே சொல்லலாம். முடிவில் ஆணை கிடைக்கும். அந்த ஆணையைப் பதிவு செய்தால்தான் கிராண்டில் பெயர் மாறும். ஆணையை வாங்கிச் சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் நடக்கிறது.

பழைய திருமணங்கள் இங்கே இடறும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த தம்பதிகள் தோட்டத்தில் நிறைய. 1982 மார்ச்சில் திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் சமய வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப் பின் நடந்தவை பதிவில்லாமல் இருந்தால் மனைவி தன் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கும்போது சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருப்பது, ஐசியில் ‘வீராசாமி’யும் கிராண்டில் ‘வீரசாமி’யும் நிற்பது போன்ற சில்லறைகளும் மாதங்களைத் தின்னும். கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை.

இத்தனையும் முடியும்வரை வீடு சும்மா இருக்காது. முதலில் நில வரி. மலாக்காவில் மே மாதம் 31க்குள் கட்ட வேண்டும். தொகை சிறியது, அதனால்தான் மறக்கப்படுகிறது. பாக்கி நின்றால் தேசிய நிலச் சட்டம் 6ஏ அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் நிலத்தைப் பறித்து மாநிலத்துக்கே திருப்பிக்கொள்ள முடியும். அறிவிப்பு எங்கே போகும்? பதிவேட்டில் உள்ள முகவரிக்கு, அதாவது பூட்டிய வீட்டின் தபால் பெட்டிக்கு. அடுத்தது உள்ளாட்சியின் மதிப்பீட்டு வரி, ஊர் வழக்கில் சுக்காய் பிந்து. அரையாண்டுக்கு ஒரு தவணை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும். காலி வீட்டுக்கு இந்த வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 162ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்பது பலருக்குப் புதிது. நிபந்தனை இருக்கிறது: வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும், நியாயமான வாடகைக்கு ஆள் தேட முயன்றிருக்க வேண்டும், காலியான உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு இது கிடைக்காது. முயற்சி செய்தும் காலியாக நிற்கும் வீட்டுக்கே சலுகை. சட்டம் சரியாகத்தான் பிரித்திருக்கிறது.

தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைப் பீங்கான், கூரை ஓடையில் தேங்கிய மழைநீர் எல்லாம் ஏடிஸ் கொசுவுக்கு வசதி. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி சுகாதாரத் துறையினர் சோதனை போடலாம், 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு அபராதம் எழுதலாம். ஊரை விட்டுப் போகும்போது கழிப்பறைத் தொட்டியில் உப்புக்கல் போட்டு மூடிவைப்பதும், வெளியே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவைப்பதும் கால்மணி நேர வேலை. கரையானுக்கு அது போதாது. சுங்கை ஊடாங் கடலோர ஊர்; உப்புக் காற்றில் கிரில் துருப்பிடிக்கும், அதைவிட வேகமாகக் கதவு நிலைகளைக் கரையான் தின்றுவிடும். மாதம் ஒருமுறை யாராவது வந்து ஜன்னலைத் திறந்து, குழாயை ஓடவிட்டு, சுவரில் மண் கோடு ஏறுகிறதா என்று பார்த்தால் பல ஆயிரம் மிச்சம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கும் வழக்கம் தாமான்களில் இன்னும் இருக்கிறது. எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் அதற்கு ஈடில்லை.

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படித்தவர்கள் குறைவு. ஆளில்லாத வீட்டுக்குப் பெரும்பாலான பத்திரங்களில் நாள் வரம்பு இருக்கிறது. தீக்காப்பில் 30 நாள், திருட்டுக்கு 90 நாள் என்ற எண்கள் அதிகம் காணப்படும். அதைத் தாண்டி வீடு காலியாக இருந்தால் முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கடன் முடிந்த வீடு என்றால் பலருக்குக் காப்புறுதியே இருக்காது. வங்கி கேட்டதால் கட்டினார்கள், வங்கி போனதும் அதுவும் போயிற்று.

இவற்றைவிட அரிதானது, ஆனால் வந்தால் தலையோடு போவது, ஆள்மாறாட்டம். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் வெளிநாட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் நிலத்தை, அவர்தான் என்று நடித்த இன்னொருவர் 1989இல் விற்றுவிட்டார். அடோர்னா பிராப்பர்ட்டீஸ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த வழக்கில், 2000ஆம் ஆண்டின் இறுதியில் கூட்டரசு நீதிமன்றம் நிலம் வாங்கிய நிறுவனத்துக்கே என்று தீர்ப்பளித்தது. நாடே முணுமுணுத்தது. பத்தாண்டு கழித்து, 2010 ஜனவரியில், அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று வேறொரு வழக்கில் அறிவித்தது. போலிக் கையெழுத்தில் நேரடியாக வாங்கியவருக்கு இப்போது பாதுகாப்பு இல்லை. ஆனால் அவரிடமிருந்து நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்கு உண்டு. ஆகவே காலி வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரப்பூர்வத் தேடல் எடுத்துப் பார்ப்பது வீண் செலவு இல்லை. அத்துமீறிக் குடியேறியவரைப் பற்றி மட்டும் மலேசியச் சட்டம் தெளிவாக உரிமையாளர் பக்கம் நிற்கிறது: எத்தனை ஆண்டு ஒருவர் அனுபவித்திருந்தாலும் அதை வைத்துப் பட்டாதாரரின் வழக்கைத் தடுக்க முடியாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியாவில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இங்கே அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

வாடகைக்கு விடுவது சுங்கை ஊடாங்கில் எப்போதும் ஒரு பெரிய நிறுவனத்தின் நிழலில் நடந்த காரியம். 1950களின் இறுதியில் தெரெண்டாக் முகாம் எழுந்தபோது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் காமன்வெல்த் பிரிகேட் வந்தது. முகாமை ஒட்டிக் கடை, சலவை, சமையல், தோட்ட வேலை என்று பிழைப்பும், படைக் குடும்பங்களுக்கு வாடகை வீடுகளும் பெருகின. 1970ஐ ஒட்டி அவர்கள் கிளம்பியதும் அந்தப் பிழைப்பு வற்றியது. பிறகு மலேசிய இராணுவம், 1994 முதல் சுத்திகரிப்பு ஆலை, 2013இல் திரவ எரிவாயு முனையம். இன்று சிப்பாய்க் குடும்பங்களும், ஆலை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் ஷட்டவுன் காலத்தில் வரும் ஒப்பந்தக்காரர்களும்தான் பெரிய வாடகைக்காரர்கள். ஷட்டவுன் வாடகை கவர்ச்சியானது: சில மாதத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு அறையில் பன்னிரண்டு பேர் தங்குவார்கள் என்பதும் அதில் அடக்கம்.

இங்கே வரலாறு ஒரு சுற்று வந்து நிற்கிறது. தோட்டத்து லயன்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990இல் வந்தது 446ஆம் சட்டம். அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியே முதலாளிகள் தொழிலாளர்களுக்குத் தரும் தங்குமிடங்களுக்கும் விரித்தார்கள். தொழிலாளர் துறையின் சான்றிதழ் வாங்க வேண்டும். லயனில் பிறந்தவர் வாங்கிய வீட்டை அவர் பிள்ளைகள் பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்களுக்கு விடுதியாகக் கொடுத்தால், ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று அளக்க வருவது அந்தப் பழைய லயன் சட்டம்தான். சான்றிதழ் வாங்குவது முதலாளியின் பொறுப்பு என்றாலும், அது இருக்கிறதா என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மற்றபடி வாடகையில் தெரிந்திருக்க வேண்டியவை சில. மின்கணக்கை வாடகைக்காரர் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். மீட்டரைச் சேதப்படுத்திப் பிட்காயின் இயந்திரம் ஓட்டியவர்கள் போன பிறகு, பல்லாயிரம் வெள்ளிப் பாக்கி கணக்கில் பெயர் உள்ளவரின் தலையில் விழுந்திருக்கிறது. வாடகை தராதவரை, பூட்டை மாற்றியோ தண்ணீரை நிறுத்தியோ வெளியேற்றக் கூடாது; 1950ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டம் நீதிமன்ற ஆணை வேண்டும் என்கிறது. பாக்கி வாடகைக்குப் பொருளை ஏலம் விட 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. இரண்டு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் வைத்திருப்பவரிடம் அதனால் என்ன கிடைக்கும்? இன்னொன்று: கிராண்ட் அப்பா பெயரில் இருக்கும்போது அண்ணன் தன் கையெழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டு வாடகையைத் தானே வாங்கிக்கொள்வது நம் குடும்பங்களில் சகஜம். தம்பிக்கும் அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. விற்கும் நாளில் வெடிக்கும் சண்டைகளில் பாதி அந்த வாடகைக் கணக்கிலிருந்து கிளம்புகிறது.

விற்பனைக்கு வருவோம். பெயர் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிராண்டின் முகப்பில் ‘செகாத்தான் கெப்பெந்திஙான்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குறைந்த விலை வீடுகளில் மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும். அனுமதி வரும்வரை வாங்குபவரின் வங்கி பணத்தை விடுவிக்காது. கடன் முழுவதும் கட்டி முடித்திருந்தாலும், வங்கியின் அடமானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் 16என் பாரம் தாக்கலாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கட்டி முடித்த மகிழ்ச்சியில் அதை மறந்த அப்பாக்கள் நிறைய. மலாக்காவுக்கே உரிய இன்னொன்றும் உண்டு: சுற்றுவட்டாரத்தில் மலாக்கா வழக்காற்று நிலம் என்று குறிக்கப்பட்டவை மலாய்க்காரர் அல்லாதவர்களுக்குக் கைமாறுவதில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. இன்னொருவர் நிலத்தில் தரை வாடகை கொடுத்து வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு விற்கப் பலகையும் தகரமும்தான் உண்டு, மண் இல்லை.

வரி விஷயத்தில் காலம் விற்பவருக்குச் சாதகமாக இருக்கிறது. நிலச் சொத்து ஆதாய வரி, குடிமக்களுக்கு முதல் மூன்றாண்டுக்குள் விற்றால் 30 சதவீதம், நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து 2022 ஜனவரி முதல் எதுவும் இல்லை. வாரிசாக வந்த வீட்டுக்கு இந்த ஆண்டுகளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே லாயரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வரி இல்லை என்றாலும் பாரம் தாக்கல் செய்தே ஆக வேண்டும்; வரி வரக்கூடிய விற்பனையில் வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து உள்நாட்டு வருமான வாரியத்துக்குக் கட்டுவது வழக்கம். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்ட தம்பிக்கு விகிதமே வேறு. அவர் பெயரில் நிலத்தை ஏற்றுவதைவிட நிர்வாகி விற்றுப் பணமாகப் பங்கு கொடுப்பது எல்லாருக்கும் தலைவலி குறைவு.

முகவர் விஷயம் சுருக்கமானது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனத்தின் முகவரும் அவருக்குக் கீழ் அட்டை வைத்திருப்பவரும் மட்டுமே தரகு வாங்கலாம். உச்சம் 3 சதவீதம். டீக்கடையில் ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்பவர் முன்பணத்தைத் தன் கணக்கில் போடச் சொன்னால் அத்தோடு எழுந்துவிட வேண்டும். விலையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. காலி வீட்டை வைத்திருப்பவர்கள் அப்பா வாங்கிய 25,000த்தையும் பக்கத்துத் தெருவில் யாரோ விற்றதாகச் சொன்ன தொகையையும் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தெரு வீட்டுக்குப் பின்புறம் நீட்டிக் கட்டியிருக்கும், கூரை மாற்றியிருக்கும். வாங்குபவரின் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். கரையான் தின்ற நிலையையும் ஒழுகும் கூரையையும் பார்த்துக் கடனைக் குறைக்கும். ஐந்தாண்டு காத்திருந்து 10,000 கூடுதலாகக் கேட்பவர், அந்த ஐந்தாண்டின் வரி, புல்வெட்டு, கூரை, கிடைக்காத வாடகை நான்கையும் கூட்டிப் பார்ப்பதில்லை.

விற்கவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் குடும்பம் ஒன்று கூட ஓரிடம் வேண்டும், பெரியவர்கள் கஷ்டப்பட்டு வாங்கியதை விற்றுத் தின்பதா என்ற கேள்வி வெறும் சென்டிமென்ட் இல்லை. நாலு இடத்தில் சிதறிய பிள்ளைகளுக்குப் பொதுவான முகவரி அது ஒன்றுதான். அப்படி வைத்திருப்பதும் ஒரு பயன்பாடுதான். அதற்கு உரிய செலவையும் எல்லாரும் சேர்ந்து ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கும் பெயர் மாற்றம் தேவை, விற்பவர்களைவிடக் கூடுதலாகவே தேவை. வீடு அம்மா பெயருக்கு மாறிவிட்டால், அவர் உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே ஓர் உயில் எழுதிவிடலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும், பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போடக் கூடாது. அல்லது அம்மா இப்போதே பிள்ளை ஒருவருக்கு அன்பளிப்பாக மாற்றிக் கொடுக்கலாம். பெற்றோர் பிள்ளைக்கு மாற்றும் சொத்துக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு மில்லியன் ரிங்கிட் மதிப்பு வரை முத்திரை வரி இல்லை. அம்மாவே குடியிருக்கும் உரிமையை எப்படிக் காப்பது, மற்ற பிள்ளைகளுக்கு என்ன ஈடு என்பதை மாற்றுவதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பிக்குள் மாற்றுவதற்கு இந்தச் சலுகை கிடையாது. அம்மா இருக்கும்வரைதான் இந்த வழி திறந்திருக்கும். அதற்குப் பிறகு மறுபடியும் ஏ பாரம்தான்.